வீட்டு இங்க்ஜெட் பிரிண்டருக்கு மாற்று மை தேர்ந்தெடுப்பது எப்படி: ரங்கூன் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்குச் சனிக்கிழமை இரவே பயிற்சித்தாள்களை அச்சிட்டுக் கட்டி வைப்பது பல ஆண்டுகளாக என் வழக்கம். பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி, பெற்றோருக்கு அறிவிப்பு, ஆடி மாதம் வந்தால் கஞ்சி வார்ப்பு நோட்டீஸ், பங்குனி வந்தால் உத்திர அழைப்பு என்று எல்லாமே வீட்டு மேசையில் இருக்கும் ஒரே பிரிண்டரில்தான். கம்பெனி மை எப்போதும் கிடைப்பதில்லை. கிடைக்கும்போது அதன் விலை டாலரோடு சேர்ந்து ஏறியிருக்கும். எனவே மாற்று மையை, கடைக்காரர் சொல்வதுபோல் ‘காம்பாட்டிபிள்’ மையை, வாங்கிப் பழகியவர்களில் நானும் ஒருவன். பழகும் வழியில் செய்த தவறுகளுக்குக் குறைவில்லை. இந்த வழிகாட்டியில் எந்த மை சிறந்தது என்று ஒரு பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்கள் பிரிண்டருக்கும், நீங்கள் அச்சிடும் தாளுக்கும், உங்கள் வீட்டு மின்சாரத்துக்கும் எது பொருந்தும் என்று நீங்களே பார்த்து முடிவு செய்யும் முறையைத்தான் சொல்லப் போகிறேன். விலைகளையும் எழுதவில்லை, இன்று எழுதும் கியாட் கணக்கு அடுத்த மாதம் செல்லாது.

முதல் படி: ஹெட் எந்த வகை என்று அறிந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போனதும் எல்லோரும் முதலில் பார்ப்பது பாட்டிலின் விலையை. பார்க்க வேண்டியது அதுவன்று. மையைத் தாளில் தெளிக்கும் பகுதியான ஹெட் எந்த முறையில் வேலை செய்கிறது என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வீட்டுப் பிரிண்டர்களில் இரண்டு முறைகள் உண்டு.

கேனான், ஹெச்பி ஆகியவற்றின் வீட்டுப் பிரிண்டர்களில் இருப்பது வெப்ப முறை. முடியை விட மெல்லிய துளைகளுக்குப் பின்னால் நுண்ணிய சூடேற்றிகள் இருக்கும். அவை கண்ணிமைக்கும் நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குக்குள் சூடாகி, மையின் ஒரு மெல்லிய படலத்தைக் கொதிக்க வைத்து, அங்கே எழும் குமிழி ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. 1977இல் கேனான் ஆய்வகத்தில், மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டு மை பீறிட்டதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் பிறந்தது என்பார்கள். இந்த முறையில் மை ஒவ்வொரு துளிக்கும் கொதிக்கிறது என்பதை மனத்தில் வையுங்கள். தரம் குறைந்த மையில் உள்ள அசுத்தம் சூடேற்றியின் மேல் தீய்ந்து படியும், பால் அடிப்பிடித்த பாத்திரம் போல. இதற்குத் தொழில்துறையில் ‘கோகேஷன்’ என்று பெயர். அடிப்பிடித்தல் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது.

எப்சன், பிரதர் ஆகியவற்றில் இருப்பது பீசோ முறை. மின்னழுத்தம் கொடுத்தால் வளைந்து கொடுக்கும் ஒரு படிகம் மையை அழுத்தித் தள்ளுகிறது. இங்கே கொதிப்பு இல்லை. அதனால் பலவகை மைகளை இந்த ஹெட் ஏற்கும். ஆனால் மையின் பாகுத்தன்மை குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டும். பொதுவாகப் பீசோ மை, வெப்ப முறை மையை விடச் சற்றுக் கெட்டியானது. ஆகவே ‘எல்லாப் பிரிண்டருக்கும் ஏற்றது’ என்று ஒரே பாட்டிலில் அச்சிட்டிருந்தால், அது இரண்டு ஹெட்டுக்குமே சரியாகப் பொருந்தாத நடுத்தர மையாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். வேறு வழியே இல்லாவிட்டால் அன்றி நான் அதை வாங்குவதில்லை.

ஹெட் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஹெச்பி 680, கேனான் பி.ஜி. 745, சி.எல். 746 போன்ற கார்ட்ரிட்ஜ்களில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வருகிறது. தவறான மையால் அடைத்துக்கொண்டால் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளலாம்; நட்டம் அதோடு முடியும். பாட்டிலிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் டேங்க் பிரிண்டர்களில், கேனான் ஜி வரிசையில் ஹெட்டைத் தனியே கழற்றி மாற்ற முடியும். எப்சன் டேங்க் பிரிண்டர்களில் ஹெட் உள்ளேயே நிலையாக இருக்கும். அதை மாற்றும் செலவு பல நேரங்களில் இன்னொரு பிரிண்டர் வாங்கும் செலவை நெருங்கிவிடும். மாற்று மையில் துணிந்து சோதனை செய்வதற்கு உரியவர் முதல் வகைக்காரர். மூன்றாவது வகைக்காரர் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

இரண்டாம் படி: சாய மையா, நிறமி மையா

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால், இதைப் படியுங்கள்.

கடையில் ‘டை இங்க்’ என்று சொல்வது சாய மை. சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல் நிறம் மையில் முழுவதுமாகக் கரைந்திருக்கும். ‘பிக்மென்ட் இங்க்’ என்பது நிறமி மை. அதில் நிறம் கரைவதில்லை; மிக நுண்ணிய திடத் துகள்களாக மிதக்கிறது. கண்ணுக்கு இடும் மையில் விளக்குக் கரி எண்ணெயில் கலந்து நிற்கிறதல்லவா, கறுப்பு நிறமி மையிலும் கரித்துகள்தான் நீரில் நிற்கிறது. சாய மை தாளின் இழைக்குள் ஊறும். நிறமி மை பெரும்பாலும் தாளின் மேற்பரப்பிலேயே தங்கும். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்றவை எல்லாம் வருகின்றன. சாய மையில் புகைப்படம் பளிச்சென்று வரும், ஹெட்டும் எளிதில் அடைக்காது. ஆனால் தண்ணீர் பட்டால் கரையும், வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். நிறமி மையில் எழுத்து கூர்மையாக வரும், மழைத்துளியைத் தாங்கும், நாள்பட நிற்கும்; ஆனால் பளபளப்பான புகைப்படத் தாளில் மங்கலாகத் தெரியும், பிரிண்டர் சும்மா கிடந்தால் துளைகளில் உறைந்துகொள்ளும்.

உங்கள் பிரிண்டர் எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதைக் கம்பெனி மையின் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நம் பக்கத்து நாடுகளில் பரவலாக விற்பனையான எப்சன் எல் 3110, எல் 3150 ஆகியவற்றுக்கு 003 என்ற எண்ணுள்ள மை. நான்கு நிறமும் சாய மை. அதற்கு முந்திய எல் 120, எல் 220, எல் 360 போன்றவற்றுக்கு 664. அதுவும் நான்கும் சாயம். எல் 4150, எல் 6170 போன்றவற்றுக்கு 001. இதில் கறுப்பு மட்டும் நிறமி, மற்ற மூன்றும் சாயம். கேனான் ஜி 2010, ஜி 3010 போன்றவற்றின் ஜி.ஐ. 790 மையிலும், ஹெச்பி டேங்க் பிரிண்டர்களின் ஜி.டி. வரிசை மையிலும் இதே அமைப்புத்தான்: கறுப்பு நிறமி, வண்ணம் சாயம். ஆறு நிறப் புகைப்படப் பிரிண்டரான எப்சன் எல் 805க்கு 673, ஆறும் சாயம்.

மாற்று மை வாங்கும்போது கம்பெனி வைத்த அமைப்பை அப்படியே பின்பற்றுவதுதான் பாதுகாப்பு. நிறமிக் கறுப்புக்கு நிறமிக் கறுப்பு, சாயத்துக்குச் சாயம். ஒரே டேங்கில் இரண்டையும் கலப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். நிறமித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதப்பதற்காக மையில் சேர்த்திருக்கும் பொருள்கள், அந்நியச் சாயமும் உப்பும் கலந்தவுடன் வேலை செய்யாமல் போகலாம். துகள்கள் திரண்டு, பால் திரிந்ததுபோல் கட்டி தட்டிவிடும். அந்தக் கட்டி குழாயிலும் வடிகட்டியிலும் போய் நின்ற பிறகு எத்தனை முறை ஹெட் கிளீனிங் (பிரிண்டர் தானே மையைச் செலுத்தித் துளைகளைச் சுத்தம் செய்யும் கட்டளை) கொடுத்தாலும் வெளியே வராது.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. சாய மைக்கென வந்த எப்சன் டேங்க் பிரிண்டரில் வேண்டுமென்றே நான்கு நிறமும் நிறமி மையாக மாற்றி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பீசோ ஹெட் கொதிக்க வைப்பதில்லை என்பதால் இது முடிகிறது. மழையில் நனையும் நோட்டீஸ் அச்சிட இது உதவும். ஆனால் பழைய மையை முழுவதும் வெளியேற்றிக் கழுவிய பிறகுதான் செய்ய வேண்டும், அதன் பின் நாள்தோறும் ஒரு தாளாவது அச்சிட்டாக வேண்டும். வாரம் ஒருமுறை மட்டும் பிரிண்டரைத் தொடும் என்னைப் போன்றவர்களுக்கு இது ஒத்துவராது.

வீட்டிலேயே செய்யும் துளிச் சோதனை

பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதை முழுதும் நம்ப வேண்டியதில்லை. கறுப்பு மை எந்த வகை என்று சமையலறையிலேயே பார்த்துவிடலாம். ஒரு வெள்ளைத் தட்டில் டிஷ்யூ தாளை விரித்து, அது ஈரமாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, நடுவில் ஊசி முனையால் ஒரே ஒரு துளி மையை வையுங்கள். ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். சாய மையாக இருந்தால் துளி மெல்ல விரியும். விரிய விரியக் கறுப்பு பிரிந்து, ஓரத்தில் ஊதாவோ நீலமோ மஞ்சளோ வளையமாகத் தெரியும், ஏனென்றால் சாயக் கறுப்பு பல சாயங்களின் கலவை. நிறமி மையாக இருந்தால் நடுவில் கறுப்பு அப்படியே நிற்க, அதைச் சுற்றித் தண்ணீர் மட்டும் நிறமில்லாமலோ இலேசான சாம்பல் நிறத்திலோ பரவும். நான் வாங்கும் ஒவ்வொரு கறுப்புப் பாட்டிலுக்கும் இதைச் செய்கிறேன். ‘பிக்மென்ட்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்த ஒரு பாட்டில் தட்டின் மேல் வானவில் காட்டியதும் உண்டு.

மூன்றாம் படி: சப்ளிமேஷன் மையிலிருந்து தப்பித்துக்கொள்ளுங்கள்

கப், டி-ஷர்ட் அச்சிடும் தொழில் இப்போது ரங்கூனில் தெருவுக்குத் தெரு வந்துவிட்டதால், அதற்கான சப்ளிமேஷன் மையும் சாதாரண மை விற்கும் அதே அலமாரியில், அதே அளவுப் பாட்டிலில் நிற்கிறது. அந்த மை முதலில் தாளில் அச்சாகி, பிறகு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடான இயந்திரத்தின் அழுத்தத்தில் ஆவியாகித் துணியிலோ கப்பின் பூச்சிலோ ஏறுவதற்காகச் செய்யப்பட்டது. சூடாக்காதவரை அதன் நிறம் சோகை பிடித்ததுபோல் வெளிறியே இருக்கும்.

நான் இதை அறிந்துகொண்டது ஒரு பங்குனி உத்திர அழைப்பின் போது. பழக்கமான ஒரு கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில், ‘இது உங்கள் பிரிண்டருக்கு ஓடும், சயா (ஆசிரியரே)’ என்று கடைக்காரர் பர்மிய மொழியில் சொல்லி எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்து ஊற்றிவிட்டேன். மயிலின் கழுத்து நீலம் பழைய சலவை நீலம்போல வந்தது. முருகனின் செம்மேனி செங்கல் தூள் நிறத்தில் வந்தது. ஹெட் அடைத்துவிட்டது என்று எண்ணி நான்கு முறை கிளீனிங் கொடுத்து மையைத்தான் வீணாக்கினேன். மறுநாள் காலை, கப் அச்சிடும் கடையில் வேலை செய்யும் பழைய மாணவி ஒருத்தி தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவுடன், ‘சார், இது எங்க கடை இங்க் சார், அயர்ன் பண்ணிப் பாருங்க’ என்றாள். தாளைப் பழைய பாலியெஸ்டர் துணியின் மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினோம். எடுத்துப் பார்த்தால் மயில் துணியில் நல்ல நீலத்தோடு நின்றது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை; மை பிரிண்டரில் ஓடத்தான் செய்தது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ‘ஓடுமா’ என்பதன்று. ‘எதற்காகச் செய்த மை’ என்பது.

பாட்டிலில் சப்ளிமேஷன் என்றோ, வெப்ப மாற்றம் என்றோ, சால்வென்ட் என்றோ இருந்தால் வீட்டுப் பிரிண்டருக்கு வேண்டாம். சால்வென்ட் மை பெரிய பேனர் இயந்திரங்களுக்கானது. அது வீட்டுப் பிரிண்டரின் ரப்பரையும் குழாயையும் அரிக்கும்.

நான்காம் படி: பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நேர்மையான மாற்று மை தன்னை மாற்று மை என்று சொல்லிக்கொள்ளும்: தயாரிப்பாளரின் சொந்தப் பெயர், எந்தெந்த மாடலுக்கு என்ற பட்டியல், சாயமா நிறமியா என்ற குறிப்பு, நிறத்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். இதற்கு நேர்மாறானது, கம்பெனிப் பெயரையும் பெட்டியையும் அப்படியே நகலெடுத்த போலி மை. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் தயங்காமல் முதலாவதை வாங்குவேன். பெட்டியிலேயே பொய் சொல்பவன் பாட்டிலுக்குள் என்ன ஊற்றியிருப்பான் என்று யாருக்குத் தெரியும்? பெட்டியின் எழுத்து மங்கியிருப்பது, மூடியின் உட்சீல் இல்லாதிருப்பது அல்லது கையால் ஒட்டியதுபோல் இருப்பது, ஒரே பெட்டி வரிசையில் எல்லாப் பாட்டிலுக்கும் தொகுதி எண் விடுபட்டிருப்பது ஆகியவை போலியின் அடையாளங்கள்.

தேதி முக்கியம்; அதைவிட முக்கியம் அந்தப் பாட்டில் எங்கே நின்றது என்பது. தகரக் கூரைக் கடையில், மார்ச், ஏப்ரல் வெயிலில், கண்ணாடி அலமாரியில் சூரியனைப் பார்த்து நின்ற பாட்டிலுக்குத் தேதி மிச்சமிருந்தாலும் மை மிச்சமிருக்கும் என்று சொல்ல முடியாது. நிறமி மையாக இருந்தால் பாட்டிலைக் கவிழ்த்து அடிப்பாகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சேறுபோல் படிவம் ஒட்டியிருந்து, மெல்ல ஆட்டிய பிறகும் கலையாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சில புதிய டேங்க் மாடல்களில் பாட்டிலின் கழுத்து அந்தந்த நிறத்தின் டேங்க் வாயில் மட்டுமே பொருந்துமாறு செய்யப்பட்டிருக்கிறது. மாற்று மையின் பாட்டிலில் அந்த அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஊற்றும்போது உங்கள் கண்தான் காவல்.

கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்க்காரர்களுக்கு இன்னொரு தடை உண்டு: சிப். கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிறு சிப் மை தீர்ந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்வதால், மீண்டும் நிரப்பிய பிறகும் காலி என்றே காட்டும். பல மாடல்களில் அந்த எச்சரிக்கையைத் தாண்டி அச்சிடலாம், சிலவற்றில் முடியாது. பிரிண்டரின் உள்மென்பொருள் புதுப்பிப்பு வந்த பிறகு, நேற்றுவரை ஓடிய மாற்றுக் கார்ட்ரிட்ஜ் இன்று ஓடாமல் போவதும் நடக்கிறது. 2016 செப்டம்பரில் ஹெச்பியின் சில அலுவலகப் பிரிண்டர்களில் இது நடந்து உலகெங்கும் பெரும் சலசலப்பானது. மாற்று மை பயன்படுத்துகிறீர்கள் என்றால் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவைப்பது நல்லது.

ஐந்தாம் படி: உங்கள் வீட்டு மின்சாரத்தையும் மழையையும் கணக்கில் சேருங்கள்

மின்சாரம் முறை வைத்து வரும் ஊரில் இது தனித்தலைப்புக்கு உரியது. இங்க்ஜெட் பிரிண்டர் வேலை முடிந்ததும் ஹெட் வலதுகோடிக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் அமர்ந்துகொள்கிறது. துளைகளில் மை உலராமல் காப்பது அந்த மூடிதான். அச்சிடும் நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால் ஹெட் தாளின் மேல் திறந்த வாயோடு நின்றுவிடும். மின்சாரம் திரும்பி வரும்வரை நான்கு மணி நேரமோ, எட்டு மணி நேரமோ, துளைகளில் மை உலர்ந்துகொண்டே இருக்கும். சாய மையானால் பெரும்பாலும் ஒரு கிளீனிங்கில் மீண்டுவிடும். நிறமி மையானால் அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டரோ பேட்டரியோ இல்லையென்றால், நிறமி மை வேண்டாம் என்பதற்கு அதுவே போதிய காரணம். மின்சாரம் நிற்கப் போகும் நேரம் தெரிந்தால் அதற்குக் கால்மணி நேரம் முன்பே அச்சை நிறுத்தி, பிரிண்டரைச் சுவர்ச் சுவிட்சில் அல்ல, அதன் சொந்தப் பொத்தானில் அணைத்துவிடுங்கள். பொத்தானில் அணைத்தால்தான் ஹெட் மூடியில் போய் அமரும்.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர் விழாவான திஞ்ஜான் நாள்களும் நம் சித்திரைப் புத்தாண்டும் சேர்ந்தே வருவதால் ஏப்ரல் நடுவில் ஊரே பல நாள் அடங்கிவிடும், பிரிண்டரும் கூடவே அடங்கும். அதுவும் ஆண்டின் மிகச் சூடான, வறண்ட காலம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் எல்லாத் துளைகளும் திறந்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைத் தாளான நாசில் செக் ஒன்று எடுத்து, பொத்தானில் அணைத்து, மேலே ஒரு துணி போட்டுவிட்டுப் போங்கள். திரும்பிய அன்றே முதல் வேலையாக ஒரு வண்ணப் பக்கம் அச்சிடுங்கள்.

மழைக்காலத்தில் கதை தலைகீழ். மே முதல் அக்டோபர் வரை தாள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரத்தாளில் சாய மை இழைவழியே ஓடிப் பரவும். பர்மாவின் தென்கிழக்கில் உள்ள மோல்மீனில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அங்கே இருக்கும் என் உறவினர் தாள் கட்டை அரிசி டின்னில் அடைத்து வைக்கிறார், அது சரியான வழிதான். மைமீது குற்றம் சொல்லும் முன் தாளை மாற்றிப் பாருங்கள். கோயில் வாசலில் ஒட்டும் ஆடி மாத நோட்டீஸுக்கு மட்டும் சாய மை உதவவே உதவாது. ஒரே சாரலில் அம்மன் முகம் கரைந்து ஓடியதைப் பார்த்த பிறகு, வெளியே ஒட்டும் தாளை லேசர் பிரிண்டர் உள்ள கடையில் அச்சிட்டுக்கொள்கிறேன். ஒரே மையில் எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை.

ஆறாம் படி: மாற்றும் முறை

பழைய மை டேங்கின் கீழ்க்கோட்டுக்கு அருகே வரும்வரை பயன்படுத்துங்கள். கோட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். குழாயில் காற்று ஏறினால் அதை வெளியேற்ற மை நிறையச் செலவாகும். ஒரே வகை மைக்கு, அதாவது சாயத்துக்குச் சாயம் மாறும்போது, அடியில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு பழைய மை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. இருந்தாலும் ஊற்றும் முன், ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டிலும் சில துளிகளைக் கலந்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் திப்பியோ இழையோ தெரிந்தால் கலக்கக் கூடாது.

நான்கு நிறத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் கறுப்பை மட்டும் மாற்றி இரண்டு வாரம் ஓட்டுங்கள். ஏதேனும் கோளாறு வந்தால் காரணம் எது என்று தெரியும், ஒரு நிறத்தோடு நிற்கும். ஊற்றும்போது அவசரம் வேண்டாம். மேற்கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துங்கள். நிறமி மையானால் பாட்டிலை நுரை எழாதபடி மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள். கார்ட்ரிட்ஜாக இருந்தால் சிரிஞ்சின் ஊசியைப் பஞ்சின் நடுவரை இறக்கி, சொட்டுச் சொட்டாகச் செலுத்தி, மை மேலே ததும்பத் தொடங்கும்போதே நிறுத்தி, அடிப்பக்கத்தை ஈர டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. முக்கியமாக, ஹெட் இணைந்த கார்ட்ரிட்ஜை மை முழுதும் வற்றிய பிறகு நிரப்ப நினைக்காதீர்கள். வெப்ப முறையில் மைதான் சூடேற்றியைக் குளிர்விப்பதும். மை இல்லாமல் அச்சிட்டால் அது கருகிவிடும்.

கழுவவோ துடைக்கவோ நேர்ந்தால் குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதன் உப்புகள் படியும். வாகனக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைக்கும். அதே அலமாரியில் பேட்டரி அமிலமும் அதே வடிவப் பாட்டிலில் நிற்கும் என்பதால், எழுத்தைப் படித்து, கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: நம் எழுத்தைக் கொண்டே சோதியுங்கள்

நாசில் செக் தாளில் கோடுகள் விடுபடாமல் வந்தால் மை ஓடுகிறது என்று மட்டுமே பொருள். மை நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. அதற்கு நான் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் எட்டுப் பாயிண்ட் எழுத்தளவில் ண, ணை, ஞ, ஐ, ஔ, இ ஆகிய சுழி மிகுந்த எழுத்துகளும், க், ட், ழ் எனப் புள்ளி வைத்த மெய்யெழுத்துகளும் வரிசையாக இருக்கும். பரவும் மையில் முதலில் அடைபடுவது ணகரத்தின் சுழிகள். அடுத்து மெய்யின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்ளும். ஆறு வயதுப் பிள்ளை ‘க்’ என்பதை ‘க’ என்று படித்தால் குற்றம் பிள்ளையுடையதன்று. பர்மிய எழுத்துக்கும் இதே சோதனை பொருந்தும்: பர்மிய ‘ப’ மேலே திறந்த வட்டம், ‘வ’ முழு வட்டம், மை பரவினால் பகரம் வகரமாகிவிடும். இரு மொழியிலும் அறிவிப்பு அச்சிடுபவர்கள் இரண்டையும் ஒரே தாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணத்துக்கு, கம்பெனி மையில் அச்சிட்ட பழைய பக்கம் ஒன்றைப் பாதுகாத்து வைத்து, அதே கோப்பை மாற்று மையில் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். சிறு வேறுபாடு வரத்தான் செய்யும். பிரிண்டரின் வண்ணக் கணக்கு கம்பெனி மைக்காக எழுதப்பட்டது. சாம்பல் நிறம் பச்சையாகவோ சிவப்பாகவோ சாய்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள். வெளுப்பை அறிய, ஒரு வண்ணத் தாளின் பாதியை அட்டையால் மறைத்து வெயில் படும் சன்னலில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுக்கும்போது நடுவில் தெரியும் கோடு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அந்த மை பிள்ளைகளின் சான்றிதழுக்கு ஆகாது. பயிற்சித்தாளுக்குத் தாராளமாக ஆகும்.

அடைப்பு வந்தால்

இரண்டு முறை ஹெட் கிளீனிங் கொடுங்கள். சரியாகாவிட்டால் மேலும் கொடுக்காமல் பிரிண்டரை அணைத்து ஓர் இரவு விடுங்கள். உலர்ந்த மை மூடிக்குள் இருக்கும் ஈரத்தில் இளகிச் சில நேரம் தானாகவே திறந்துகொள்ளும். காலையில் இன்னொரு முறை பாருங்கள். விடாமல் கிளீனிங் கொடுப்பதால் வரும் கேடு மை தீர்வது மட்டுமன்று: வெளியேறும் மை முழுவதும் பிரிண்டரின் அடியிலுள்ள பஞ்சுத் திண்டில் போய்ச் சேருகிறது, திண்டு நிரம்பியதாகக் கணக்கு காட்டினால் பிரிண்டர் அச்சிட மறுத்துவிடும். கடையில் அந்தக் கணக்கைப் பூச்சியமாக்கித் தருவார்கள். திண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கணக்கை மட்டும் அழித்துவிட்டு வந்தால் பிறகு மேசை விரிப்பில்தான் மை தெரியும்.

நல்ல மை ஒன்று அமைந்துவிட்டால், பாட்டிலின் மேல் திறந்த தேதியை எழுதி, மூடியை இறுக்கி, இருட்டான அலமாரியில் நிமிர்த்து வையுங்கள். தொகுதி எண்ணைச் சோதனைத் தாளின் மூலையில் எழுதிக் கோப்பில் சேருங்கள். அடுத்த முறை அதே பெயரில் வாங்கும் பாட்டில் அதே மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. என் கோப்பில் இப்போது பதினொரு தாள்கள் இருக்கின்றன; ஒரே பெயர் கொண்ட மூன்று பாட்டில்களின் ணகரங்களில் இரண்டு திறந்திருக்கின்றன, ஒன்று அடைத்திருக்கிறது.